பத்மநாதன் சொன்ன பற்றரி

வின்ட்சர்
9 ஏப்ரல் 1995

துரை,

போனை அடித்து வைத்தது நான்தான். லைன் அறுந்துவிட்டது என்று நீ உன் மனுசி கோணேஸ்வரிக்குச் சொன்னாயாம். அப்படி ஒன்றும் அறவில்லை. அவள் என் மனைவிக்கு எடுத்துக் கேட்க, பாலேஸ்வரி இப்போது என்னைப் பிடித்து ஏசுகிறாள். "எடுத்துக் கதையுங்கோவன், ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையளே?" என்கிறாள். போனில் கதைத்தால் எனக்குக் கொதி ஏறிவிடும். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் மட்டும் நீ வாயைத் திறக்க ஏலாது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மோட்டர் ஹோம் வான் நீயும் நானும் சேர்ந்து வாங்கினது. மோர்னிங்சைட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் விற்பனைக்கு என்று மட்டை எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்ததை முதலில் கண்டது நான். பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினதும் நான். நீ பின்னால் வந்து, "மச்சான், இதுக்குள்ளை குசினி, அடுப்பு எல்லாம் கிடக்கு!" என்று சொல்லிச் சொல்லி அலுமாரிக் கதவெல்லாம் திறந்து பார்த்தாய். மூன்று கோடைகாலம் இரண்டு குடும்பமுமாக அதில் ஏரி ஏரியாகத் திரிந்தோம். போன ஒக்டோபரில் எனக்கு இங்கே கார் சாமான் செய்யும் பக்டரியில் வேலை கிடைத்தது, வந்துவிட்டேன். வான் உன் வீட்டு வாசலில் நிற்கிறது. நின்றால் என்ன, அது உன் தனிச்சொத்தே?

பனிக்காலம் முடிந்து திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை, பற்றரி செத்துவிட்டது என்று சொன்னாய். சரி, செத்தால் புதுசு வாங்கத்தானே வேண்டும். என்னைக் கேட்டிருக்கலாம். அதற்குள், "பத்மநாதன் அண்ணை சொல்லுறார்..." என்று தொடங்கினாய். பிரிஜ் வேலை செய்கிறதா என்று கேட்டேன். "அண்ணை பார்த்தவர்." தண்ணீர்ப் பம்ப்? "அதையும் அண்ணை பார்த்தவர்." ஆரடா இந்த அண்ணை? நான் வெளிக்கிட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் வானுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிற இந்த மனுசன் ஆர்?

பற்றரி என்றால் அது என் விஷயம். ஊரில் ஜெயம் லவுட்ஸ்பீக்கர் சேர்விஸ் நடத்தினவன் நான். கரண்ட் இல்லாத கோயில்களில் விடிய விடியப் பாட்டுப் போட்டது எதில்? லொறி பற்றரியில். நீ பக்கத்தில் நின்றாய், உனக்குத் தெரியும். ஆகவே நல்ல கனமான லொறி பற்றரி ஒன்று வாங்கிப் பூட்டு. வேறு எவரையும் கேட்காதே.

கோணேஸ்வரிக்கும் பிள்ளை தேனுகாவுக்கும் என் அன்பைச் சொல். உனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

ஜெயரட்ணம்


வோபர்ன், ஸ்காபரோ
17 ஏப்ரல் 1995

அன்புள்ள கோபக்காரனுக்கு,

உன் கடிதத்தைக் கோணேஸ்வரிதான் முதலில் வாசித்தாள். வாசித்துவிட்டு, "உங்கடை சிநேகிதர் எழுதியிருக்கிறதைப் பாத்தால், பெண்சாதி ஆரோடையோ ஓடிப்போன மாதிரியெல்லோ கிடக்கு" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

பத்மநாதன் அண்ணை எங்கள் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றுக்கு வாடகைக்கு வந்தவர். ஜனவரியில் வந்தார். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேரையும் விட வயதில் மூத்தவர், அதனால்தான் அண்ணை. வேறு உறவு கொண்டாடவில்லை. ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறார். பந்தடிக்கிறவர்கள் ஏறித் திரிகிற சின்ன வண்டிகள் எல்லாம் பற்றரியில் ஓடுகிறவை. அவற்றுக்குத் தண்ணீர் விடுவதும் சார்ஜ் ஏற்றுவதும் அவருடைய வேலை.

நீ லொறி பற்றரி என்று எழுதியதை அவரிடம் சொன்னேன். (உடனே கொதிக்காதே, மிச்சத்தையும் வாசி.) அவர் சொன்னது இதுதான்: "தம்பி, உது உதைக்கிற பற்றரி. எஞ்சினை ஸ்ராட் பண்ண ஒரே ஒரு உதை உதைக்கும், பிறகு எஞ்சின் ஓடி ஓடித் திருப்பி நிரப்பிப்போடும். உங்கடை வானுக்குள்ளை வெளிச்சம், பம்ப், ஃபான் எல்லாம் மெல்ல மெல்ல இழுக்கிற சாமான். அதுக்கு நடக்கிற பற்றரி வேணும்." லொறி பற்றரிக்குள் ஈயப் பிளேற் மெல்லிசாம், நிறைய இருக்குமாம். அதை அடிமட்டும் வற்ற விட்டால் இரண்டு மூன்று தரத்தில் செத்துப்போகுமாம். கோல்ஃப் வண்டிப் பற்றரியில் பிளேற் நல்ல தடிப்பு. பாதிக்கு மேல் வற்றி வற்றி நிறைந்தாலும் வருஷக் கணக்கில் தாங்கும். ஆறு வோல்ட்டில் இரண்டு வாங்கி ஒன்றோடு ஒன்று தொடுத்தால் பன்னிரண்டு வோல்ட் வந்துவிடும். ஏறுகிற படிக்குப் பக்கத்தில், வெளியே திறக்கிற பெட்டிக்குள் இரண்டும் அளவாகப் போகும் என்று அளந்தும் பார்த்துவிட்டார்.

இனி நான் ஒன்று சொல்லட்டா? விடிய விடியப் பாட்டுப் போட்டது உன் பற்றரி இல்லை மச்சான். நீ மைக்கைப் பிடித்துக் குரலை மாற்றி, இன்னாருடைய மகனைக் காணவில்லை, மடத்தடிக்கு வரவும் என்று அறிவித்துக்கொண்டு நிற்பாய். பெட்டையள் பார்க்கிறார்களா என்று உன் கண் வேறெங்கோ இருக்கும். பின்னால் நான் மற்றப் பற்றரியைக் கொழுவிவிட்டு, வற்றினதைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிச் சார்ஜ் ஏற்றக் கராச்சுக்குக் கொண்டுபோவேன். புதுசைக் கொழுவின பிறகுதான் பழசைக் கழற்றுவேன், அதனால் பாட்டு அறாது. இத்தனை வருஷம் நீ ஒரே பற்றரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது.

வான் இரண்டு பேருக்கும் சொந்தம். நீ ஓம் என்றால்தான் வாங்குவேன்.

துரை


வின்ட்சர்
25 ஏப்ரல் 1995

துரை,

பேஸ்மென்றிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாயா! நான் ஏதோ எப்போதாவது வந்து போகிற ஆள் என்று நினைத்தேன். கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவருக்கு எங்கே? மேலேதானே? கோணேஸ்வரி நண்டுக் கறி வைக்கிறாளா? சாப்பிட்ட பிறகு முந்நூற்றி நாலு விளையாடுகிறீர்களா? சீட்டாட்டத்தில் உனக்கு எதிரே, உன் சோடியாக, நான் இருக்கிற கதிரையில் ஆர் இருக்கிறது? உண்மையைச் சொல். நான் சென் ஜேம்ஸ் ரவுணில் உன்னோடு ஒரே அறையில் இருந்தவன், நீ பொய் எழுதினால் எழுத்திலேயே கண்டுபிடிப்பேன்.

பற்றரியை இடையில் மாற்றினாயாம். சரி, மாற்றியிருப்பாய். அதை இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்து, இப்போது அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கத்தானா எடுத்தாய்? அதுதான் எனக்கு எரிகிறது. லொறி பற்றரி நல்லதோ கூடாதோ, அதை நான் சொன்னேன். முன்பு என்றால் நான் சொன்னால் காணும். இன்றைக்கு நான் சொன்னதை இன்னொருவரிடம் காட்டிச் சரியா பிழையா என்று கேட்கிறாய். நான் என்ன பரீட்சையா எழுதினேன்?

ஆகஸ்டில் அல்கொன்குயின் காட்டுக்குப் போகிறோம் என்று போன வருஷமே கதைத்து வைத்தோம். அதற்கு அவரையும் ஏற்றிக்கொண்டுதான் போவாய் போல. முன் சீற்றில் அவர், வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு. நானும் பாலேஸ்வரியும் பின்னால், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில். இல்லாவிட்டால் எங்களுக்கு அதற்குள் இடமே இல்லையோ? அதை இப்போதே எழுதிவிடு. எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

நான் காத்துக்கொண்டு இருக்கவில்லை. இங்கே நல்ல பெரிய லொறி பற்றரி ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வருகிற கிழமை இங்கே வான் ஓடுகிற இக்னேசியஸ் சாமான் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோ வருகிறான், அவனுடைய வானில் அனுப்புகிறேன். எங்கள் வானில் ஓடினால் அது ஓடட்டும். இல்லையென்றால் ஒன்றும் ஓட வேண்டாம். அந்த மனுசனின் பற்றரி உள்ளே ஏறினால் நான் ஏற மாட்டேன். இது சத்தியம்.

ஜெயரட்ணம்


வோபர்ன், ஸ்காபரோ
28 மே 1995

ஜெயம்,

இந்தக் கடிதத்தில் பகிடி இல்லை.

இக்னேசியஸ் கொண்டுவந்து இறக்கினதை நான் பூட்டினேன். அண்ணை வேண்டாம் என்று சொன்னார். "உது வெளிப்பெட்டிக்குள்ளை போகாது தம்பி. அந்தப் பெட்டியிலை காத்துப் போக ஓட்டை கிடக்கு, சும்மா வைக்கேல்லை" என்று சொன்னார். நான் கேட்கவில்லை. உன் சத்தியம் என் தலைக்குள் நின்றது. உள்ளே, பின் கட்டிலுக்குக் கீழே, போர்வை வைக்கிற பெட்டிக்குள் அதை இறக்கி வயரை இழுத்துக் கொழுவினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

விக்டோரியா டே நீண்ட லீவுக்கு வெள்ளிக்கிழமையே ஏரிக்கரைப் பார்க் ஒன்றுக்குப் போனோம். நாங்கள் மூன்று பேர் மட்டும். முதல் நாள் வெளிச்சம் அமோகமாக இருந்தது. ஜெயம் அங்கிளின் பற்றரி என்று தேனுகாவுக்கும் சொன்னேன். அடுத்த நாள் விளக்கு மஞ்சளாகி, பம்ப் முனகி நின்றுவிட்டது. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஏற்றினேன், அதுவும் நிற்கவில்லை. ஞாயிறு கரண்ட் பிளக் இருக்கிற இடமாகப் பார்த்து மாறி, வானில் இருக்கிற சார்ஜரைப் போட்டேன். அந்தச் சார்ஜர் பழசு, நிறைந்தாலும் நிறுத்தத் தெரியாதது.

அன்று நல்ல மழை. ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டோம். தேனுகா பின் கட்டிலில் மத்தியான நித்திரை. நான் முன்னால் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். கோணேஸ்வரி தேத்தண்ணி வைக்க காஸ் அடுப்படிக்குப் போனவள், நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதென்ன கூழ்முட்டை நாத்தம்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கும் மணந்தது. பிள்ளையைத் தூக்கினால் கண்ணெல்லாம் சிவந்து இருமிக்கொண்டு கிடக்கிறாள். கட்டிலுக்குக் கீழே பற்றரி கொதிக்கிற சத்தம். அவளையும் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினோம். பிள்ளை வெளியே வந்து சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள்.

பார்க்கில் இருந்த போனில் அண்ணைக்கு எடுத்தேன். "பிள்ளை வெளியிலைதானே? கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விடு. பிளக்கை வெளியிலை வைச்சே கழற்று. நெருப்புக்குச்சி ஒண்டும் தட்டிப்போடாதை, உந்தக் காத்து வெடிக்கும்" என்றார். கோணேஸ்வரி அந்த நெருப்புப் பெட்டியை இன்னும் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள்.

தேனுகாவுக்கு இப்போது சுகம். டொக்டர் பார்த்தார், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். கோணேஸ்வரி என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "சிநேகிதன்ரை மனம் நோகக்கூடாது எண்டு என்ரை பிள்ளையை அதுக்கு மேலை படுக்க வைச்சியளோ?" என்று கேட்டாள். இதற்குப் பதிலை நீ சொல்லு.

உன் கேள்விக்குப் பதில். ஓம், ஞாயிற்றுக்கிழமை அவர் மேலே வந்து சாப்பிடுகிறார். ஓம், சீட்டில் அவர்தான் எனக்குச் சோடி. நீ மட்டும் எரிகிறாய் என்று நினைக்காதே. நீ அங்கே மரியரட்ணம் என்ற ஒருவரின் படகில் மீன் பிடிக்கப் போகிறாயாம். இக்னேசியஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

துரை


வின்ட்சர்
2 ஜூன் 1995

துரை,

கடிதத்தை வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் உடைத்து வாசித்தேன். பிறகு சாப்பிடவில்லை. பிள்ளை இருமினாள் என்ற இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். இப்போது இருமல் இருக்கிறதா? கண்? நித்திரை ஒழுங்காகக் கொள்கிறாளா? இதைக் கேட்கப் போன் எடுத்தேன். கோணேஸ்வரி எடுத்தாள். என் குரலைக் கேட்டதும், "பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டாள், சுகமாயிருக்கிறாள்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு உரிமை இருக்கிறது.

பாலேஸ்வரிக்குச் சொன்னேன். அவள் ஏசவே இல்லை. அது இன்னும் மோசம்.

அந்தப் பற்றரியைத் தொடாதே, வானுக்கு வெளியே எடுத்து வைக்கச் சொல்லு. உன்னை இல்லை, அவரைச் செய்யச் சொல்கிறேன். ஓம், பத்மநாதனை. கோல்ஃப் வண்டிப் பற்றரி இரண்டையும் அவரே தெரிந்து வாங்கட்டும். நான் ஓம் என்கிறேன். வாயால் கேட்க வேண்டுமென்றால் போனிலும் சொல்கிறேன்.

ஆனால் பூட்ட வேண்டாம். 10ஆம் திகதி சனிக்கிழமை நான் வருகிறேன். என் கண்ணால் பார்க்க வேண்டும். உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கு இன்னும் எரிகிறது. இத்தனைக்குப் பிறகும் எரிகிறதே என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அவர் நல்லவர், கெட்டிக்காரர், மூத்தவர், எல்லாம் சரி. அவர் சொன்னது சரியாய்ப் போனதுதான் இன்னும் கூட எரிகிறது. பிழையாய்ப் போயிருந்தால் நான் இப்போது அவருக்கு இரங்கியிருப்பேன்.

மரியரட்ணத்தின் படகில் ஒரே ஒரு நாள்தான் போனேன். அந்த மனுசன் காலைமுதல் மாலைவரை தன் மருமகனின் படிப்பைப் பற்றியே கதைத்தான். ஒரு மீனும் வரவில்லை. இனிப் போக மாட்டேன், சரியா?

ஜெயம்


வின்ட்சர்
14 ஜூன் 1995

துரை,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ சனிக்கிழமையும் வேலைக்குப் போவாய் என்று தெரிந்திருந்தால் வேறு நாள் வந்திருப்பேன். போகட்டும், வேலை நன்றாக முடிந்தது.

கோணேஸ்வரி கதவைத் திறந்து, "வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். தேனுகா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, "அங்கிள், your battery farted!" என்றாள். என் பற்றரி குசு விட்டதாம். அதற்குப் பிறகுதான் கோணேஸ்வரி சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்மநாதன் அண்ணை அருமையான மனுசன். இரண்டு பற்றரியும் ஒரே கொம்பனி, ஒரே மாதம் செய்தது என்று முத்திரையைப் பார்த்து எடுத்திருக்கிறார். ஒன்று கிழடு ஒன்று இளசு என்றால் கிழடு இளசையும் கெடுத்துவிடுமாம். என்னைக் கொண்டே வயர் கொழுவச் செய்தார். பழைய சார்ஜரையும் மாற்ற வேண்டும் என்றார், நானும் அதைத்தான் நினைத்தேன்.

வேலை கூட. நேரம் இல்லை, பிறகு விபரமாக எழுதுகிறேன்.

ஜெயம்


வோபர்ன், ஸ்காபரோ
2 ஜூலை 1995

ஜெயரட்ணம் அவர்களுக்கு,

விபரமாக எழுதுகிறேன் என்றாய். பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தபால் பெட்டியைத் திறந்தால் வின்ட்சரிலிருந்து தடித்த கடிதம், உன் கையெழுத்து. சந்தோஷமாக எடுத்துத் திருப்பினால், திரு. பத்மநாதன், பேஸ்மென்ற் என்று எழுதியிருக்கிறாய். என் வீட்டு விலாசத்துக்கு!

கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன செய்ய. அவர் படியில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கத்திலேயே சிரிப்பு. இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். நான் குப்பை வாளியைக் கொண்டுபோய் வைக்கிற மாதிரி இரண்டு தரம் அந்தப் பக்கமாகப் போனேன். "உம்மடை சிநேகிதன் நல்ல பகிடிக்காரன்" என்றார். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். "சும்மா, பற்றரிக்குத் தண்ணி விடுறதைப் பற்றி" என்றார். பற்றரிக்குத் தண்ணீர் விடுவதில் ஒரு மனுசன் இப்படிச் சிரிக்க என்னடா இருக்கிறது? எனக்கு வந்த கடிதம் ஒரே ஒரு பக்கம். தேனுகா சொன்னது, கோணேஸ்வரி சிரித்தது, வேலை கூட. அவருக்கு மட்டும் வேலை குறைவோ?

இதற்குள் இன்னொன்று. ஆகஸ்டில் அல்கொன்குயினுக்குக் கட்டாயம் வாருங்கோ அண்ணை, நீங்கள் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாயாம். என்னை ஒரு சொல் கேட்டாயா? வான் இரண்டு பேருக்கும் சொந்தம். கோணேஸ்வரி இதைக் கேட்டுவிட்டு, "இப்ப ஆரின்ரை பெண்சாதி ஆரோடை ஓடினது?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள். நான் அவளோடு கதைக்கவில்லை.

அவர் வரட்டும். நல்ல மனுசன், பாவம், தனிய இருக்கிறார். அது இல்லை என் பிரச்சினை.

நீ வின்ட்சருக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, நல்ல வேலை மச்சான், விடாதே, போ என்று சொல்லிக் கை கொடுத்தேன். உன் சாமானை நானே ஏற்றிவிட்டேன். ஒரு சொல்லும் மனதார இல்லை. நீ போனது எனக்குத் துப்பரவாகப் பிடிக்கவில்லை. போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வானுக்குள் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவேன், பனிக்குள். பனிக்காலம் முடிந்துதான் திறந்து பார்த்தேன் என்று உனக்குச் சொன்னது பொய். பத்மநாதன் அண்ணை வாடகைக்கு வந்த புதுசில் ஒரு நாள் அங்கே என்னைக் கண்டார். "என்ன தம்பி, ஏதும் பழுதோ?" என்று கேட்டார். வேறு என்ன சொல்ல, பம்ப் பழுது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.

பற்றரி இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. அதைப் பற்றி ஏதும் கேட்க வேண்டுமென்றால் அவருக்கே எழுது, அவருக்குத்தான் தெரியும். மற்றது எல்லாம் எனக்கு எழுது.

துரை